சாமிக்கு வெச்ச பேரிங்

ஒருச்சாய்ச்சு வாங்க தம்பி, காரு குறுக்க நிக்கறதால கேட்டு அவ்வளவுதான் தெறக்கும். மொதல்ல பையை உள்ள குடுத்துருங்க, அப்பறம் வயித்தை எக்கிட்டு நீங்க வாங்க. ஆங், அப்படித்தான். சட்டை மாட்டிக்கும், பாத்து. கேஸ்காரரு சிலிண்டரை வீதியிலயே வெச்சுட்டுப் போயிடறாரு. நான்தான் வண்டி மேல ஏத்தி உருட்டி இந்தப் பக்கம் எறக்கறேன். கூரையில நெளிசல் தெரியுதுங்களா? அதுதான்.

சாந்தாமணி அனுப்புன மெக்கானிக்குத்தானுங்க நீங்க? தெரியும். காலையில போன் பண்ணுனா. எனக்கில்லீங்க, பக்கத்து வீட்டு கோமதியம்மாவுக்கு. "சூலூர்ல இருந்து ஆளு வர்றாரு, பின் சக்கரத்துக்குப் புது ஹப்பு மாட்டி வண்டியை இங்க ஓட்டிட்டு வந்துருவாரு, அவர்கிட்ட சாவியைக் குடுத்துரச் சொல்லுங்க"ன்னு. யாருகிட்டச் சொல்லோணும்? என்கிட்டத்தான். கட்டுன புருஷன்கிட்டச் சொல்ல வேண்டியது மதில் சுவத்துக்கு அந்தப் பக்கம் போயி, அங்கிருந்து இந்தப் பக்கம் வருது.

சாவி தர்றனுங்க. தரமாட்டேன்னு சொல்லல. வேலையை முடிங்க, ஓட்டிக் காட்டுங்க, சத்தமில்லாம ஓடுதான்னு நான் காதால கேக்கோணும். அப்பறம் சாவி. ஏன்னு கேட்டீங்கன்னா, அவளுதுன்னு இங்க பாக்கி இருக்கறது இந்த வண்டி ஒண்ணுதான். துணிமணி போயிருச்சு, அண்டா குண்டா போயிருச்சு, சந்தகைப் படி போயிருச்சு. இதுவும் போயிருச்சுன்னா அவளுக்கு இந்த வீதிக்குள்ள வர்றதுக்கு ஒரு சோலி இருக்காதுங்க. அதைச் சொல்றேன், வேறொண்ணுமில்ல.

அந்தப் பக்கம் இல்ல, எடது பக்கம். கல்லு முட்டுக் குடுத்திருக்கேன் பாருங்க, அந்தச் சக்கரம். சக்கரம் எங்கயா? சக்கரம் உள்ள கட்டிலுக்கு அடியில இருக்குது. வெளிய வெச்சா எவனாவது தூக்கிட்டுப் போயிருவான். நட்டெல்லாம் ஊறுகா பாட்டல்ல போட்டு சாமி ரூம்புல வெச்சிருக்கேன். எல்லாம் பத்திரமா இருக்குது. நான் ஸ்டோர்ஸ்ல இருந்தவனுங்க. மோட்டார் பம்பு கம்பெனியில சர்வீஸ் முச்சூடும் ஸ்டோர்ஸ்தான். பேரிங்குன்னா எனக்குத் தெரியாததா? லாரி லாரியா வந்து எறங்கும். எத்தனை ஆயிரம் பேரிங்கை என்ற கையால எடுத்துக் குடுத்திருக்கேன்! நம்பரைச் சொன்னா கண்ணை மூடிட்டு எந்த அடுக்குன்னு சொல்லுவேன். மாட்டுனதில்லீங்க. மாட்டறது கீழ் வேலை, அதுக்கு ஆளுக இருந்தாங்க. எடுத்துக் குடுக்கறவனுக்குத் தெரியாததா மாட்டறவனுக்குத் தெரிஞ்சிருமா?

டீ போடட்டுங்களா? பால் இல்ல. வரக்காப்பி வேணா வெக்கறேன். வேண்டாமா? சரி.

மொதல்ல இருந்து சொன்னாத்தான் உங்களுக்கு விளங்கும். வேலையைப் பாத்துட்டே கேளுங்க.

பொண்ணைக் கட்டிக்குடுத்து பெங்களூருக்கு அனுப்புனதுக்கப்பறம் இவளுக்கு வீட்டுல பொழுது போகல. சந்தகை நல்லாப் பிழியுவா. பச்சரிசியும் புழுங்கலும் அவ ஒரு கணக்கா ஊற வெப்பா, இடியாப்பமாட்டம் நூல் நூலா வரும். தேங்காப்பால், எள்ளுச் சர்க்கரை, எலுமிச்சை, தக்காளின்னு நாலு விதம். சொந்தக்காரங்க விசேஷத்துக்கு ஒருக்காச் செஞ்சு குடுத்தா. அதைத் தின்னவங்க கேட்டாங்க, அவங்களைப் பாத்து இன்னொருத்தங்க கேட்டாங்க. நான் வேண்டாம்னு சொல்லலீங்க. செய்யி, பொழுது போகட்டும்னேன். ஆனா அண்டாவைக் கொண்டுபோக வண்டி வேணும்னா. இந்த வண்டி அப்பவே வீட்டுல நின்னுட்டிருந்துச்சு. நான்தான் வாங்குனேன்.

நான் ஓட்டறதில்லீங்க. ஓட்டத் தெரியாதுன்னு இல்ல. லைசென்ஸெல்லாம் இருக்குது. வாங்குன புதுசுல வீதி முக்குல பால் சொசைட்டி செவுத்தை லேசா ஒரு தொடு தொட்டுட்டேன். செவுத்தை அவங்க ரோட்டுல தள்ளிக் கட்டியிருந்தாங்க. அதுக்கப்பறம் தேவைப்படல. அவதான் டிரைவிங் ஸ்கூலுக்குப் போயி, அந்த வயசுல, நரைச்ச தலையோட, எல் போர்டு மாட்டிட்டு பழகுனா. நான் பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுத்தேன். பிரேக்கு, பிரேக்கு, கிளச்சு, கிளச்சு, ஆரன் அடின்னு சொல்லீட்டே வருவேன். என்ற கால்தான் தானா கீழ அமுத்தும். ஒரு நாள் சிங்காநல்லூர் சிக்னல் தாண்டி ஓரங்கட்டி நிறுத்தி, "ஏனுங்க, நீங்க பின்னால உக்காருங்க"ன்னா. பஸ் ஸ்டாப்புல நின்ன அத்தனை பேரும் பாத்தாங்க. நான் பின்னால போயி அண்டாவுக்குப் பக்கத்துல உக்காந்தேன். மடியில தேங்காப்பால் தூக்கு. அதுக்கப்பறம் நான் அவகூடப் போறதில்ல.

காலையில போயிருவா. மத்தியானம் வருவா, சிலநாள் பொழுதோட வருவா. நான் ரிட்டயர்டு ஆயி வீட்டுல இருக்கறேன். பேப்பர் படிச்சு முடிச்சா அந்தச் சுவர்க் கடிகாரம் அடிக்கறது மட்டுந்தான் கேக்கும். வீட்டுக்குப் பின்னால பொடக்காளியில போயி நின்னா கோமதியம்மா மிக்சி ஓட்டறது கேக்கும். அந்த நேரத்துல வீடு ரொம்பப் பெருசா இருக்குங்க. எனக்கு அது பிடிக்கல. சொல்றதுக்கென்ன, பிடிக்கவே இல்ல.

அப்பத்தான் இந்தச் சத்தம் வந்துச்சு. பின்னால எடது பக்கம், உம்முன்னு. வேகம் கூடக் கூட சத்தம் கூடும். எனக்கு என்னமோ அந்தச் சத்தம் தொந்தரவா இல்லீங்க. வீதி முக்கு திரும்பறப்பவே கேக்கும். அவ வர்றான்னு தெரிஞ்சு நான் வந்து வாசல்ல சேர் போட்டு உக்காந்துருவேன். வந்த ஒடனே டீ வெச்சுக் குடுப்பா. ஆனா அவளுக்குப் பயமாயிருச்சு. "பேரிங்கு போச்சாட்டம் இருக்குதுங்க, ஒர்க்‌ஷாப்புல விட்டுட்டு வர்றேன்"னா.

ஒர்க்‌ஷாப்பா? நான் இருக்கறப்பவா? ஒரு சாயங்காலத்து வேலைங்க அது. சக்கரத்தைக் கழட்டு, மூடியைத் தட்டு, நட்டை எடு, பிரேக் டிரம்மை உருவு, பழைய பேரிங்கைத் தட்டி எடு, புதுசைப் போடு. முடிஞ்சுது. இதுக்கு வெளியாளுகிட்ட விட்டா நம்ம வண்டியில இருக்கற நல்ல சாமானெல்லாம் எவன் வண்டிக்கோ போயிரும். உங்களைச் சொல்லல தம்பி, பொதுவாச் சொன்னேன்.

சரி, ஜாக்கி போட்டுத் தூக்குனேன். சக்கரத்தைக் கழட்டுனேன். நட்டு வந்துருச்சு. டிரம்மு வரமாட்டேன்னு ஒரே அடம். தட்டுனேன், நெம்புனேன், எண்ணெய் விட்டேன், காலை வெச்சு ஒதச்சேன். அசையல. அப்பறம் நல்ல தேங்காநார்க் கயிறா எடுத்து டிரம்முல சுத்தி, இந்தக் கேட்டுல கட்டி, கேட்டைப் பிடிச்சு நான் ஒரு இழு இழுத்தேன் பாருங்க. டிரம்மு அப்படியே இருக்குது, கேட்டோட மேல் கீலு பேந்து வந்துருச்சு. அதுலதான் கேட்டு எறங்கி தரையில குத்தி நிக்குது. அதோட வண்டியும் குறுக்க இருக்கறதால முழுசாத் தெறக்க வழியில்ல.

சமையக்கட்டுல இருந்து இவ கேட்டா, "ஹேண்ட் பிரேக்கை எடுத்து விட்டீங்களா?"ன்னு. எப்படி இருக்கும் பாருங்க. ஒரு மனுசன் வேர்த்து விறுவிறுத்து நிக்கறப்ப கேக்கற கேள்வியா அது? உன்ற சந்தகையைப் பாரு போ அம்மிணின்னு ஒரு சத்தம் போட்டேன். அவ கடைக்குப் போனதுக்கப்பறம் எதுக்கோ வண்டிக்குள்ள கை விட்டேன், ஹேண்ட் பிரேக்கு எறங்கிருச்சு. டிரம்மு கையோட வந்துருச்சு. எண்ணெய் அதுக்குள்ள நல்லா ஊறியிருந்துச்சுல்ல.

நீங்க அதை அப்படி நெம்பாதீங்க. வரும், வரும். சரி, உங்க வேலை, நான் பேசல.

ரெண்டு பேரிங்கையும் தட்டி எடுத்தேன். புதுசு வாங்கியாந்தேன், நம்பர் சொல்லி, டப்பாவோட. அதுல பாருங்க, மறுநா ஆயுத பூஜை. கம்பெனியில ஆயுத பூஜைன்னா ஸ்டோர்ஸ்தான் மொத பூஜை. வாழைக்கன்னு கட்டி, தோரணம் கட்டி, அடுக்கு அடுக்கா எல்லாச் சாமானுக்கும் சந்தனம் குங்குமம் நான்தான் வெப்பேன். முதலாளியே வந்து என்ற கையால திருநீறு வாங்கிக்குவாரு. ரிட்டயர்டு ஆனதுக்கப்பறம் அந்த நாள் வந்தா எனக்கு என்ன பண்றதுன்னே தெரியாது. இந்த வருஷம் வீட்டுல சாமான் இருந்துச்சு. ஸ்பேனர், சுத்தி, ஜாக்கி, திருப்புளி எல்லாத்தையும் கழுவித் தொடச்சு சாமி முன்னால அடுக்குனேன். புது பேரிங்கு ரெண்டையும் டப்பாவுல இருந்து எடுத்து, எண்ணெய்க் காயிதத்தைப் பிரிச்சு, மறுநா வேலை சுளுவா இருக்கட்டும்னு கிரீசையும் நல்லா அமுக்கி வெச்சு, தலைவாழை எலையில வெச்சேன். காயிதத்துக்குள்ள சுத்தி வெச்சா சாமி எதைப் பாக்கும்? ஒவ்வொண்ணுக்கும் சந்தனம், அது மேல குங்குமம். உள் வளையத்துக்கு, வெளி வளையத்துக்கு, நடுவுல உருளைக்கு, ஒண்ணு விடாம வெச்சேன். திருநீறு தூவி, பூப் போட்டு, பொரி கடலை போட்டு, தேங்கா ஒடச்சு, சாம்பிராணி காட்டுனேன். அவகூட, "நல்லாப் பண்ணியிருக்கீங்க"ன்னா. நெசமா, அன்னைக்கு ரெண்டு பேரும் சந்தோஷமா இருந்தோம். அவ பிழிஞ்ச சந்தகையை ஒட்டுக்கா உக்காந்து தின்னோம்.

பூஜைக்கு வெச்ச ஆயுதத்தை மறுநா மறுபூஜை பண்ணித்தான் எடுக்கோணும், உங்களுக்குத் தெரியாததில்ல. எடுத்து, பேரிங்கை மாட்டப் போனேன். இவ வந்து நின்னுட்டு, "அதைக் கழுவிட்டு மாட்டுங்க"ங்கறா.

சாமிக்கு வெச்சதைக் கழுவறதா? பிரசாதத்தை யாராச்சும் குழாயில காட்டிக் கழுவுவாங்களா? "குங்குமம் தூளுங்க, சந்தனம் காஞ்சா மண்ணாட்டம் ஆயிரும், மண்ணெண்ணையில அலசிட்டுப் புதுசா கிரீசு வெச்சு மாட்டுங்க, சாமி ஒண்ணும் சொல்லாது"ன்னா. சாமி என்ன சொல்லும்னு இவளுக்கு எப்படிங்க தெரியும்? எல்லாத்தையும் கழுவிக் கழுவியே பழக்கம். அரிசியும் பேரிங்கும் ஒண்ணுதான் அவளுக்கு. நான் சொன்னேன், இத்தனை வருஷம் ஸ்டோர்ஸ்ல பொட்டு வெச்ச சாமானைக் கழுவிக் குடுத்ததா சரித்திரமே இல்லன்னு. அப்படியே மாட்டுனேன். தட்டி எறக்கி, நட்டு முடுக்கி, மூடியைப் போட்டு, ரெண்டு பேருமாக் கேட்டைத் தரையில தேச்சு இழுத்துத் தெறந்து, சக்கரத்துக்குக் கீழ எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கி ஓட்டுனா.

முக்கு வரைக்கும் போயிட்டுத் திரும்புனா. முன்னால உம்முன்னு இருந்தது இப்ப கரகரங்குது. கல்லுல மாவாட்டற மாதிரி. கேட்டை ஒட்டி வண்டியை நிறுத்தி எறங்கி வந்தா. என்னைப் பாத்தா, சக்கரத்தைப் பாத்தா, உள்ள போயிட்டா. அந்தப் பார்வைதான் எனக்கு ஆகாதுங்க. நாலு வார்த்தை திட்டியிருந்தாக்கூட ஒண்ணுமில்ல.

காரணம் என்னன்னு எனக்குத் தெரியும். பாரம். அண்டா அண்டாவா தேங்காப்பாலும் சந்தகையும் பின்னால ஏத்துனா சக்கரம் என்னத்துக்கு ஆகும்? சின்ன வண்டிங்க இது. லாரியா? ஹப்பே உள்ள கெட்டுப் போயிருக்கோணும். பேரிங்கு மேல தப்பில்ல. அதான் மறுபடியும் ஜாக்கி போட்டுத் தூக்குனேன்.

தூக்குனது தூக்குனதுதான். ஐப்பசி மழை பிடிச்சுக்கிச்சு. மழையில வேலை செய்ய முடியுமா? மழை விட்டா மூட்டு வலி. மூட்டு வலி விட்டா சரியான சாமான் கெடைக்கல. அவ தெனமும் காலையில கேப்பா, "இன்னைக்கு முடிஞ்சுருங்களா?"ன்னு. முடிஞ்சுரும்பேன். உள்ளதைச் சொல்றேன், முடிக்கோணும்னு எனக்கு அவசரமில்ல. வண்டி இங்க நின்னா அவ இங்க இருக்கா. வேலை நடந்துட்டே இருந்துச்சு, நான் சாமானை எடுத்துப் பரப்புவேன், தொடைப்பேன், பொழுதோட மறுபடி எடுத்து வெப்பேன். அவ உள்ள இருந்து பாத்திரம் கழுவற சத்தம் கேக்கும். எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு.

அவளுக்குத்தான் நல்லா இல்ல. கேட்டுச் சந்துல அண்டா நொழையாது. வண்டிக்கு மேல ஏத்தி அந்தப் பக்கம் எறக்கோணும். ஆட்டோக்காரங்க அண்டாவைப் பாத்தாலே ஓடறாங்க. அப்பத்தான் இருகூர்ல ஒரு கல்யாணம். பெரிய எடம். காலைப் பலகாரத்துக்கு சந்தகை அவளுதுதான். "கல்யாணத்துக்கு முன்னால வண்டி வேணும், முடியலைன்னா இப்பவே சொல்லிருங்க, வேற வண்டி பேசிக்கறேன்"னா. முடிச்சுத் தர்றேன், நான் இருக்கறேன்னேன். சொன்னேன். இல்லைங்கல.

முடியல. விடியக்காலம் ஆட்டோவுக்கு ரோட்டுல நின்னா. ஒண்ணு கெடைச்சு, அண்டாவை ஏத்தி, மேடு பள்ளத்துல தேங்காப்பால் பாதி சிந்தி, இவ போயிச் சேர்றதுக்குள்ள பந்தி ஆரம்பிச்சுருச்சு. பொண்ணு வீட்டுக்காரங்க கடையில இட்லி வாங்கிப் போட்டிருக்காங்க. மாப்பிள்ளையோட மாமன் ஒருத்தன் எல்லாரு முன்னாலயும், "நேரத்துக்கு வர முடியாதவ எதுக்கு ஒத்துக்கறே?"ன்னு கேட்டிருக்கான். அந்த அண்டாவை அப்படியே திருப்பிக் கொண்டாந்தா. வண்டிக்கு மேல ஏத்தி இந்தப் பக்கம் நான் எறக்குனேன். சேலையெல்லாம் தேங்காப்பால். ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. "நீங்க சாப்பிடுங்க, வீணாப் போயிரும்"னு எனக்குத் தட்டு வெச்சா. நானும் தின்னேன். நல்லாத்தான் இருந்துச்சு, அதைச் சொன்னேன். அதுக்கு எதுக்கு எந்திரிச்சுப் போனான்னு தெரியல.

மறுவாரம் சூலூர்ல ரோட்டுமேல ஒரு வீடு பிடிச்சுட்டா. முன்னால வண்டி நிக்கற அளவுக்கு எடம், அகலமா வாசல், ரெண்டு ரூம்பு. போறப்ப வாசல்ல நின்னு, "வர்றதுன்னா வாங்க. ரெண்டு பேருக்குப் பத்தும்"னா. அவ்வளவுதான். வாங்கன்னு ஒருக்காத்தான் சொன்னா. பொண்டாட்டி பிடிச்ச வீட்டுல நான் போயிக் குடியிருக்கறதா? நாலு பேரு என்ன கேப்பாங்க? இங்க சொந்த வீடு இருக்கறப்ப? வண்டியை ரெடி பண்ண வேண்டியிருக்குது, வர முடியாதுன்னு சொல்லீட்டேன். பொண்ணு பெங்களூர்ல இருந்து போன் பண்ணி, "அப்பா, பேசாமப் போயிருங்கப்பா"ங்கறா. அவளுக்கு என்ன தெரியும்?

தெனம் காலையில வண்டியில உக்காந்து ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி உறும விட்டு அணைப்பேன். அதனால பேட்டரி நல்லா இருக்குது, நீங்க பயப்பட வேண்டாம். கோமதியம்மா எட்டிப் பாத்து, "கெளம்பிட்டீங்களா அண்ணா?"ம்பாங்க. இல்லம்மா, சும்மாம்பேன். சாப்பாடு மெஸ்ல இருந்து வருது. கேட்டுக்கு மேல நீட்டறான், நான் வாங்கிக்கறேன். வெளிய போறதில்ல. போனா திரும்பி அந்தச் சந்துல நொழையறதுக்கு மூச்சு வாங்குது. தொப்பை போட்டுருச்சு. நமக்கு நாமளே வெச்சுக்கிட்ட பொறி மாதிரி ஆயிருச்சுங்க இது.

என்ன தம்பி பாக்கறீங்க? கிரீசு செவப்பா இருக்குதா? துருங்க அது. ஐப்பசி மழையில நனைஞ்ச துரு. மோந்து பாக்கறீங்களா, சந்தன வாசமா? நல்ல கம்பெனி கிரீசுன்னா வாசம் இருக்கத்தான் செய்யும். அதெல்லாம் பெருசு பண்ணாதீங்க. ஏனுங்க, போட்டோ எதுக்கு எடுக்கறீங்க? வேண்டாம். அவகிட்டக் காட்டறதுக்கா? அதுல என்ன இருக்குது காட்ட? அந்தத் துணியைக் குடுங்க, நான் தொடைச்சுப் போட்டுடறேன். குடுங்கன்னா.

பாரம்னு சொல்லிருங்க. கேட்டா பாரம்னு சொல்லுங்க. இல்லாட்டி, சரி, ஒண்ணுஞ் சொல்லாதீங்க.

புது ஹப்பு அம்சமா இருக்குது. பேரிங்கு உள்ளயே வெச்சு மூடி வருதா? அப்ப வெளிய எதுவும் தெரியாதா? அவதான் கேட்டு வாங்குனாளா இந்த மாதிரி வேணும்னு? ம். விவரமாத்தான் இருக்கா.

உங்க போன் அடிக்குது. எடுங்க, நான் அந்தப் பக்கம் போறேன். போகல, இங்கயே நிக்கறேன், நீங்க பேசுங்க.

சாந்தாமணிதானே? என்ன கேட்டா? முடிஞ்சுதான்னா? அப்பறம்? சாயங்காலம் பல்லடத்துல ஆர்டர் இருக்குதா? அப்பறம்? அவ்வளவுதானா? வேற ஒண்ணும் கேக்கலீங்களா? மனுசன் இருக்கானா, தின்னானான்னு? சரி. இல்ல, சும்மா கேட்டேன். பக்கத்துலதான் நின்னேன், நீங்க "இங்கதான் நிக்கறாரு"ன்னு சொன்னது கேட்டுச்சு. அதுக்கு அவ என்ன சொன்னா? "ம்"முன்னாளா. கோவமா ம்மா, சாதாரணமா ம்மா? உங்களுக்கு எப்படித் தெரியும், அதுவுஞ் சரிதான்.

முடிஞ்சுதா? அதுக்குள்ளயா? நட்டு எல்லாம் சரியா இருந்துச்சுல்ல, ஊறுகா பாட்டல்ல? எறக்குங்க ஜாக்கியை. கேட்டு எப்படிங்க? அட, ஒரே தூக்குல கழட்டிச் சுவத்துல சாத்திட்டீங்களே. இத்தனை நாளு எனக்கு இது தோணல பாருங்க.

ஓட்டிக் காட்டாம சாவி தர மாட்டேன்னு சொன்னேன், ஆனா ஓட்டறதுக்கே சாவி வேணும். கெரகம். இந்தாங்க. நான் பின்னால உக்காந்துக்கறேன், எடது பக்கம், சக்கரத்துக்கு மேலயே. காதை வெச்சுக் கேக்கோணும். முக்கு வரைக்கும் போயிட்டுத் திரும்பிருங்க. வீடு தெறந்து கெடக்குது, கேட்டு வேற இல்ல. பனியனோட இருக்கேன், பரவால்ல, முக்கு வரைக்கும்தானே.

போங்க. கொஞ்சம் வேகமாப் போங்க. இன்னும் கொஞ்சம். ரேடியோவை அமுத்துங்க.

ம்.

முக்கு தாண்டி திருச்சி ரோட்டுல ஏறிட்டீங்களே. சரி, நேரா ரோட்டுல போனாத்தான் தெரியும். போங்க. அறுபதுல போங்க.

இல்ல தம்பி. சத்தம் இல்ல. ஒண்ணுமே கேக்கல. ரோட்டுச் சத்தந்தான் கேக்குது. நான் பொய் சொல்ல மாட்டேன், சத்தம் இருக்குதுன்னு சொன்னா நீங்க திருப்பிக் கொண்டுபோயி மறுபடியும் கழட்டுவீங்கன்னு எனக்குத் தெரியும். வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா அவளுக்குப் பல்லடத்துல ஆர்டர் இருக்குது. மறுக்கா ஒருத்தன் அவளை அப்படிக் கேக்கக் கூடாது. நல்லா இருக்குது வண்டி. நான் சொன்னேன்னே சொல்லுங்க.

அப்ப நிறுத்துங்க, நான் இங்கயே எறங்கிக்கறேன். நீங்க எதுக்குத் திரும்பி இவ்வளவு தூரம்? அவ காத்துட்டிருப்பா. நான் நடந்து போயிக்குவேன். செருப்பு இல்லாட்டி என்ன, ஓரமா நடந்துட்டாப் போச்சு. நிறுத்துங்க.

கதவு தெறக்க மாட்டேங்குதே. இழுக்கறேன், வரல. பூட்டு எடுத்துத்தான் இருக்குது. ஓ, கொழந்தைகளுக்குப் போடற பூட்டா? உள்ள இருந்து தெறக்காதா? அவ போட்டு வெச்சிருப்பா, ஓடறப்ப அண்டா முட்டிக் கதவு தெறந்துரக் கூடாதுன்னு. வெளிய இருந்துதான் தெறக்கோணுமா?

இருங்க. எறங்காதீங்க. உக்காருங்க தம்பி, ரோட்டுல வண்டிக எப்படி வருது பாருங்க, எதுக்கு இந்த வெய்யில்ல எறங்கி, சுத்தி வந்து. ஒரு நிமிசம் இருங்க.

ஒண்டிப்புதூர் பாலம்தானுங்க அது தெரியறது? அது தாண்டுனா சூலூருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அவ்வளவுதானா. கோமதியம்மாவுக்கு ஒரு போன் போடுங்க, வீட்டைப் பாத்துக்கச் சொல்லி. போட்டுட்டு வண்டியை எடுங்க. எடுங்க, நேரமாகுது அவளுக்கு.

அங்க போனதும் நீங்க மொதல்ல எறங்கிருங்க தம்பி. எறங்கி, நானா வரலைன்னு சொல்லிருங்க. கதவு தெறக்கல, அதனால வந்துட்டாருன்னு. நீங்கதான் சொல்லோணும், நான் சொன்னா நம்ப மாட்டா. சொல்லீட்டு அப்பறம் வந்து தெறந்து விடுங்க. ஒடனே தெறந்துராதீங்க. அவ மொகத்தை நான் இந்தக் கண்ணாடி வழியா ஒருக்காப் பாத்துக்கறேன்.